தகட்டில் உங்கள் முகவரி இருக்கட்டும்



இங்கிலாந்தில் வழக்கமாக இரவு 11 மணிக்கு மேல் பட்டாசு வெடிக்கக் கூடாது. தீபாவளியன்று 1 மணி வரை சட்டமே அனுமதி தருகிறது. அதையொட்டியே நவம்பர் 5, பட்டாசு வெடிக்கும் கை ஃபாக்ஸ் இரவும் வந்துவிடும். நமக்குக் கொண்டாட்டம், வீட்டு நாய்க்கோ பெரும் கலக்கம். சத்தத்தில் மிரண்ட நாய், கதவு கொஞ்சம் திறந்திருந்தாலும் பாய்ந்து ஓடிவிடும். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று நாய் வளர்க்கத் தொடங்கிய வாசகர்கள் நம்மில் பலர். இந்தப் பக்கம் அவர்களுக்காக.

“நாய்க்கு மைக்ரோசிப் போட்டாச்சே, கழுத்துப்பட்டை எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வேண்டும். 1992ஆம் ஆண்டின் ஆணைப்படி, பொது இடத்துக்கு வரும் நாயின் கழுத்துப்பட்டையிலோ, அதில் மாட்டிய தகட்டிலோ உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மந்தை ஓட்டும் நாய், காவல்துறை நாய், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. 2016 ஏப்ரல் 6 முதல் சிப் கட்டாயமான பிறகும் இந்த ஆணை அப்படியே இருக்கிறது.

சிப் என்பது ஓர் அரிசி மணி அளவுதான். தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில் ஊசியால் செலுத்துகிறார்கள். அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். ஸ்கேனரால் படித்து, அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால்தான் உங்கள் பெயர் கிடைக்கும். வீடு மாறியபின் பதிவை மாற்ற மறந்திருந்தால், பழைய வீட்டுக்குத்தான் தகவல் போகும்.

பஸ் நிறுத்தத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும் நாயை இரவு நேரத்தில் ஒருவர் பார்க்கிறார். அவர் கையில் ஸ்கேனர் இருக்காது. மண்டியிட்டு, மெல்லத் தடவிக்கொடுத்து, தகட்டைத் திருப்பிப் பார்ப்பார். அடுத்த தெரு என்றால் கூட்டிவந்து உங்கள் கதவைத் தட்டுவார். இந்தப் பழைய ஆணை எனக்குப் பிடித்துப்போனதே இதனால்தான். அக்கம்பக்கத்தாரின் நல்ல மனதை அது நம்புகிறது.

தகடு இல்லையென்றால் கவுன்சிலுக்குத் தகவல் போகும். அவர்கள் நாயை 7 நாள் வைத்திருப்பார்கள். மீட்கப் போகிறவர் 25 பவுண்டும், அதுவரை பராமரித்த செலவும் கட்ட வேண்டும். 7 நாள் கழிந்தால், நாயை வேறொருவருக்குக் கொடுத்துவிடவும் சட்டத்தில் இடமுண்டு. பிள்ளைகளுக்கு அதை எப்படி எடுத்துச் சொல்வது?

இடையில் ஒரு தகவல்: கென்டில் உள்ள லீட்ஸ் கோட்டையில் நாய்ப் பட்டைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஓநாய் கடித்துவிடாமல் தொண்டையைக் காக்க, கூர்முள் வைத்துச் செய்த இரும்புப் பட்டைகளை அங்கே பார்க்கலாம். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

கடையில் கிடைக்கும் அழகான தகடுகள் பலவற்றில் நாயின் பெயரை மட்டும் பொறித்து வாங்குகிறார்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை. கண்டெடுப்பவருக்கும் அதனால் பயனில்லை. பொறிக்க வேண்டியது உங்கள் பெயர், முகவரி, கூடவே கைப்பேசி எண். தொலைபேசி எண் கட்டாயமில்லை, ஆனால் நாய் சீக்கிரம் வீடு வந்து சேர அதைவிட உதவி வேறில்லை. பட்டாசு வாங்கும் முன் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து தேய்ந்திருந்தால், சாவி வெட்டும் கடைகளில் சற்று நேரத்தில் புதிதாகப் பொறித்துத் தருவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்