மச்சானைப் பாடினால் மரபு, தோழியைப் பாடினால் அந்தரங்கமா?

அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போனவர்கள் அறிவார்கள்: விடியலிலேயே பேரம் களைகட்டிவிடும்; தேநீர்க் கடைகளில் பாட்டு ஓயாது. பாதிப் பாட்டில் ஒரு பெண் மாமனையோ மச்சானையோ எண்ணி உருகுவாள். அது அவளுடைய அந்தரங்கம் என்று எவரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை.

அவளே ஒரு பெண்ணை எண்ணி உருகினால் மட்டும் நம் விமர்சகர்களுக்குக் கோட்பாடு நினைவுக்கு வந்துவிடுகிறது: பாட்டைப் பார், பாடகியின் வாழ்க்கை நமக்கெதற்கு?

அலிக்ஸ் டாப்கினை (1940–2021) எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் காப்பிக் கடைகளில் 1960களில் நாட்டார் பாடல்கள் பாடியவர்; மணமாகி ஒரு மகளைப் பெற்றவர். பின்னர் தன்னை லெஸ்பியன் என்று அறிவித்து, புல்லாங்குழல் கலைஞர் கே கார்ட்னருடன் 1973இல் ‘லாவெண்டர் ஜேன் லவ்ஸ் விமன்’ இசைத்தட்டை வெளியிட்டார். பாடியவர் முதல் ஒலிப்பதிவாளர் வரை பெண்களே. வடிவம் பழைய நாட்டார் வடிவம்தான். மாறியது, பாடல் யாரை விளிக்கிறதோ அந்த ஆள். அதை மறைத்துவிட்டு அவர் கலையை மட்டும் பேசுவது, உயிரை நீக்கிவிட்டு உடலைப் புகழ்வது.

அவரை வழிபடச் சொல்லவில்லை. பெண்களுக்கு மட்டுமேயான கச்சேரிகள் நடத்தியவர். திருநங்கையரைப் பெண்கள் வெளியில் ஏற்க மறுத்தவர். இந்த மறுப்பு கண்டனத்துக்குரியது. ஆனால் கண்டிப்பதற்கும் அவர் வாழ்க்கையைப் பேசித்தானே ஆகவேண்டும்?

இதெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு என்பது அடுத்த வாதம். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டு நின்ற இரு இளம்பெண்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள். அய்யலூரிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவுதான். தமக்கு இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், உளவியலாளரிடம் கேட்டறிந்த பின்னரே அவ்வாண்டு ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். இவர்களைப் போன்றோரை ‘குணப்படுத்தும்’ முயற்சிகளுக்குத் தடையும் விதித்தார். நீதிபதிக்கு இருந்த பணிவு விமர்சகருக்கு ஏன் இல்லை?

நம் மரபில் இப்படிப் பாட்டே இல்லையே என்பார்கள். நடவிலும் களையெடுப்பிலும் பெண்கள் பாடியதை ஏட்டில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் முன்னால் எதைப் பாடலாம், எதை விழுங்க வேண்டும் என்பது அப்பெண்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும். தொகுப்பில் இல்லாததை மரபிலேயே இல்லை என்று தீர்ப்பெழுதும் முன், எழுதிக்கொள்ள உட்கார்ந்தவர் யார் என்று கேளுங்கள்.