தட்டிப் பார்க்காத பாறை

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இந்த வாரம் ஏர்ஹாரன் சோதனை. சில பஸ்களில் ஹாரனைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மனசு குளிர்ந்தது. அதைப் பாராட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் பாறை ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைப் பார்த்து வரிசையாகப் போயின. ஏர்ஹாரன் கிடக்கட்டும்.

மலையை உடைத்தால் ஊற்று வற்றும், காடு அழியும் என்று பேசுகிறோம். மலைக்கென்று இருக்கும் ஒலியும் அதோடு போய்விடுகிறது.

கர்நாடகத்தில் பல்லாரி பக்கம் குப்கல் என்றொரு குன்று. அதன் ஊடே ஓடுகிறது கறுத்த டோலரைட் பாறை. புதிய கற்கால மனிதர்கள் அதில் திமிலும் நீண்ட கொம்புமாக மாடுகளைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். 1892-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனால் 2004-ல் தொல்லியலாளர் நிக்கோல் பாய்வின் ‘ஆன்டிக்விட்டி’ ஆய்விதழில் எழுதியது வேறு விஷயம். சில பாறைகளில் உருவம் எதுவும் இல்லை, தட்டித் தட்டித் தேய்ந்த குழிகள் மட்டும் இருக்கின்றன. அந்த இடத்தில் கருங்கல் துண்டால் தட்டினால் கணீரென்று ஒலி எழும்புகிறது. படம் கொத்திய இடத்திலேயே பாறையை இசைத்தும் இருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

டோலரைட் இறுக்கமான கல். அதன் உருண்டைகள் இரண்டொரு இடத்தில் மட்டும் ஊன்றி நிற்கும்போதுதான் தடையில்லாமல் அதிர்கின்றன. முக்காலி மேல் வைத்த வெண்கல உருளியைத் தட்டிப் பாருங்கள், பிறகு மணலில் புதைத்து வைத்துத் தட்டுங்கள், புரியும். ஆகவே அண்டக் கொடுத்த ஒரு கல் நகர்ந்தாலே போதும். மாட்டுப் படம் அப்படியே இருக்கும், ஓசை இருக்காது. குப்கலையும் கல் உடைப்பு விட்டுவைக்கவில்லை. கொஞ்சம் படங்கள் ஏற்கெனவே போய்விட்டன.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிதல்ல. சுசீந்திரம் கோயிலின் அலங்கார மண்டபத்து இசைத்தூண்களைச் செய்தவர்கள் காதால் கல்லைத் தேர்ந்தவர்கள். மணிபோல ஒலித்தால் ஆண் கல், தாளம்போல ஒலித்தால் பெண் கல், ஒலிக்காதது சிலைக்கு ஆகாது என்பது சிற்பிகள் வழக்கு. மயிலாடியில் ஒரு கல்தச்சர், சுத்தியலின் பின்புறத்தால் கல்லை மூலைக்கு மூலை தட்டிக்கொண்டே சொன்னார்: “வெடி வச்சு எடுத்த கல்லு ஆவாது அண்ணாச்சி, கேட்டியளா. உள்ள கீறியிருக்கும். சத்தம் செத்துப் போவும்.”

விழுப்புரம் பக்கம் கீழ்வாலையில் செங்காவி ஓவியங்களை அளக்கிறோம், படம் எடுக்கிறோம். அந்தப் பாறைகளின் ஒலியையும் பதிவு செய்ய வேண்டும், அண்டக் கொடுத்த கல்லையும் சேர்த்துக் காக்க வேண்டும். நம் மாவட்டத்தில் குவாரிக்கு உரிமம் எழுதுமுன் மயிலாடிக் கல்தச்சர் ஒருவரை மலைக்குக் கூட்டிப் போய்ப் பாறை பாறையாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதையும் கோப்பில் சேருங்கள்.