மீன்தொட்டிக்கு எந்தப் பேத்தை?

ஹூஸ்டன் ஹில்குரொஃப்ட் பக்கம், அதுதான் 2010இல மகாத்மா காந்தி மாவட்டம் எண்டு பேர் வைச்ச இடம், சமையலறையில என்னோட நிக்கிற பொடியன் 30 கலன் தொட்டி வாங்கிப்போட்டுப் பேத்தை மீன் தேடுறான். ஊரில வலையில வந்தால் நஞ்செண்டு தூக்கி எறிவம். இங்க காசு குடுத்து வாங்குறம்!

நன்னீர் மீன் எண்டு சொல்லி விக்கிற பச்சைப் புள்ளிப் பேத்தை வேண்டாம் எண்டன். அது களப்பு, கழிமுகங்களில வாழ்றது. 15 சென்ரிமீற்றர் வளரும், வளர வளர உப்புத்தண்ணி கேக்கும். கொங்கோ ஆத்து எம்பூ பேத்தை முழு நன்னீர்தான், ஆனால் 60 சென்ரிமீற்றரைத் தாண்டும். அதுக்குக் குளம்தான் வெட்டவேணும்.

என்ர தெரிவு கேரளத்துக் குள்ளப் பேத்தை. பம்பை ஆத்து மீனெண்டு 1941இல ஹோராவும் நாயரும் எழுதிவைச்சது. 3 சென்ரிமீற்றர்தான், முழு நன்னீர். 30 கலனில ஆறேழு விடலாம். ஆள் சின்னன் எண்டு நம்பாதேங்கோ, மற்ற மீன்ர செட்டையைக் கடிச்சுப்போடும். தனிய விட்டு, செடி நிறைய வையுங்கோ. நத்தை, உறையவைச்ச இரத்தப்புழு தின்னும். காய்ஞ்ச குறுணித்தீனியைத் திரும்பியும் பாக்காது.

தொட்டிகளுக்கெண்டு அள்ளி அள்ளியே ஆத்தில அருகிப்போகுது இந்த மீன். ஆத்தில பிடிச்சதோ, தொட்டியில பெருக்கினதோ எண்டு கேட்டு வாங்குங்கோ. கடைக்காரன் முழிச்சால் வெறுங்கையோட வாங்கோ.