புகைக்குக் கட்டணம் வாங்குங்கள், வண்டியின் வயதுக்கு வேண்டாம்

குறை உமிழ்வு மண்டலக் கட்டணம் குறித்து, தஞ்சாவூர் வட்டார விவசாயிகள், சரக்கு வாகன ஓட்டுநர்கள், சிறு வணிகர்கள் சேர்ந்த எங்கள் கூட்டமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

சுருக்கமாக

மாசு கக்கும் வண்டி நகருக்குள் நுழையக் கட்டணம் வாங்குவதை நாங்கள் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பதிவு ஆண்டை மட்டும் பார்த்து வாங்குவதை எதிர்க்கிறோம். தினமும் வருகிறவரிடமும் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவரிடமும் நாள் ஒன்றுக்கு ஒரே தொகை வாங்குவதையும் எதிர்க்கிறோம். விளைபொருளுக்கும் நோயாளிக்கும் விலக்கு, கிராமங்களுக்குப் போதிய பேருந்து, பழைய வண்டியை மாற்ற உதவி ஆகிய மூன்றும் முதலில் வரட்டும். கட்டணம் அதற்குப் பிறகு வரட்டும்.

இப்போது ஏன் பேசுகிறோம்

தஞ்சாவூரில் இன்று குறை உமிழ்வு மண்டலம் எதுவும் இல்லை. மத்திய அரசு 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழகத்தின் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய ஊர்கள் உண்டு, நம் ஊர் இல்லை. ஆனாலும் பழைய வண்டிக்குக் கூடுதல் பணம் என்ற கொள்கை நம் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலுக்கு எப்போதோ வந்துவிட்டது.

2021 அக்டோபரில் வெளியான மத்திய அரசு அறிவிக்கை 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 15 ஆண்டு கடந்த இரு சக்கர வண்டியின் மறுபதிவுக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. காருக்கு 600 ரூபாய் 5,000 ஆனது. அதே வயதுடைய லாரிக்கும் பேருந்துக்கும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட 1,500 ரூபாய் இருந்த இடத்தில் 12,500 வந்தது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக்கு 10,000 என்றும் பைக்குக்கு 2,000 என்றும் அறிவித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் எஃப்.சி. கட்டணத்தின் வயது வரம்பை 15-லிருந்து 10 ஆண்டாக இறக்கினார்கள். இதற்கு மேல் மாநில அரசின் பசுமை வரியும் இருக்கிறது. இவை எதிலும் அந்த வண்டி எவ்வளவு புகை விடுகிறது, ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்ற கேள்வி கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பெரிய கோயில், நகரின் நடுவில் வாகன நெரிசலுக்குள் நிற்கிறது. தாஜ்மகாலைச் சுற்றி 500 மீட்டருக்குள் வாகனங்களுக்குத் தடை இருப்பதுபோல் இங்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சு நாளை எழலாம். எழுவதில் தவறும் இல்லை. அது எழும்போது டெல்டாக்காரர்களின் கருத்து ஏற்கெனவே எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த அறிக்கை.

வயதை அளவுகோலாக்குவது ஏன் தவறு

பழைய வண்டி அதிகம் புகைக்கும் என்பது பொதுவாக உண்மைதான். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். (பாரத் ஸ்டேஜ் உமிழ்வுத் தரம்) 6 டீசல் வண்டியோடு பி.எஸ். 3 வண்டியை ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. ஆனால் அந்த பி.எஸ். 3 வண்டி எங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2010-இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு மட்டும் பி.எஸ். 4 கார்களும் அதற்கேற்ற எரிபொருளும் கட்டாயமாயின. மற்ற ஊர்களுக்கு பி.எஸ். 3 போதும் என்று அரசே விதி வகுத்தது. நாடு முழுவதும் பி.எஸ். 4 வந்தது 2017 ஏப்ரலில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பட்டுக்கோட்டையிலோ பாபநாசத்திலோ ஷோரூமுக்குப் போய்ப் புது வண்டி எடுத்தவர், சென்னைக்காரர் வாங்கியதைவிட மட்டமான என்ஜினைத்தான் வாங்க முடிந்தது. சட்டப்படி விற்ற வண்டியைச் சட்டப்படி வாங்கி, டியூ கட்டி முடித்தவரிடம் இன்று அதற்கே அபராதம் கேட்பது நியாயமாகாது.

அடுத்தது ஓடும் தூரம். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டி வைத்திருப்பவரின் ஆண்டைப் பாருங்கள். அதிகாலை மூன்று மணிக்கு வாழைத்தாரை ஏற்றித் தஞ்சாவூர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, விடிவதற்குள் ஊர் திரும்பிவிடுவார். வேறு வாடகை கிடைக்காத நாளில் வண்டி மரத்தடியில் நிற்கும். குறுவை அறுவடையிலும், பிறகு தை, மாசியில் சம்பா அறுவடையிலும்தான் அதற்கு ஓய்வில்லை. களத்திலிருந்து 40 கிலோ மூட்டைகளை அடுக்கிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கும்வரை நெல்லைக் காயவைத்து, வரிசையில் காத்திருந்து, வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும். இந்த வண்டி ஓராண்டில் விடும் மொத்தப் புகையையும், ஐந்து வயதான டீசல் கார் ஒன்று தினமும் நகரைச் சுற்றி விடும் புகையையும் அளக்காமல், எது குற்றவாளி என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சுமை யார் தலையில் விழும்

நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன குட்டியானைக்காரர் மாதம் 25 நாள் வந்தால் 2,500 ரூபாய், ஆண்டுக்கு 30,000 ரூபாய் கட்டுவார். கோடை விடுமுறையில் கோயில் பார்க்கக் காரில் வருபவர் 100 ரூபாயோடு போய்விடுவார். மாசுக்குக் கட்டணம் என்று பெயர் சொல்லி, பிழைப்புக்காக வருகிறவரிடம்தான் இது அதிகம் கறக்கும். அவரும் அதைத் தன் கையிலிருந்து போட முடியாது, வாடகையில் ஏற்றுவார். வாழைத்தாரின் விலையில் அது விவசாயிக்குக் குறையும், அல்லது கீழவாசலில் வாங்குகிறவருக்கு ஏறும்.

நெல் லாரிகளின் கதை வேறு. கொள்முதல் செய்த நெல் வெளி மாவட்ட அரவைக்காகத் தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் வேகனில் ஏறுகிறது. அந்த நிலையம் நகரின் நடுவில் இருப்பதால், லாரி ஊருக்குள் வராமல் அங்கே நெல்லை ஏற்ற வழியில்லை. ராசா மிராசுதார் மருத்துவமனையும் நகரின் மையத்தில்தான் இருக்கிறது. ஒரத்தநாடு, அம்மாப்பேட்டை கிராமங்களிலிருந்து பிரசவத்துக்கு இரவில் வரும் ஆட்டோவும் வாடகைக் காரும் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் வண்டிகளே. இவர்களை எல்லையில் நிறுத்திக் கணக்குப் பார்க்கும் எந்தத் திட்டத்தையும் எங்களால் ஏற்க முடியாது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய பேருந்து நிலையத்திலும் கீழராஜ வீதியிலும் நாள் முழுக்க அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் பூக்காரர்கள், தரைக்கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள். எங்கள் உறுப்பினர்களில் பலர் அவர்கள்தான். எனவே எதையும் செய்யாதீர்கள் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை.

மற்ற ஊர்கள் சொல்லும் பாடம்

சிங்கப்பூர் 1975-இல் நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. உலகுக்கே முன்னோடியான அந்தத் திட்டம் பேருந்துக்கும் சரக்கு வண்டிக்கும் நான்கு பேர் சேர்ந்து வரும் காருக்கும் விலக்கு அளித்தது. சரக்கு வண்டிகளைக் கட்டணத்துக்குள் கொண்டுவர 1989 வரை காத்திருந்தது.

லண்டன் 2019-இல் மையப் பகுதியில் தொடங்கிய மண்டலத்தை 2023 ஆகஸ்ட் 29 அன்று மாநகர் முழுவதற்கும் விரித்தது. தமிழர்கள் நிறைய வாழும் ஹாரோ, குராய்டன் பகுதிகளும் அன்றுதான் உள்ளே வந்தன. கட்டணம் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைப் பவுண்டு. எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. ஆனால் அங்கே அளவுகோல் என்ஜினின் உமிழ்வுத் தரம். பெட்ரோல் என்றால் யூரோ 4, டீசல் என்றால் யூரோ 6. அதனால் 2006-இல் வாங்கிய பெட்ரோல் கார் பெரும்பாலும் கட்டணமின்றி ஓட, 2014-இல் வாங்கிய டீசல் கார் பணம் கட்டியது. தரம் குறைந்த காரைக் கழிக்க முன்வந்தவருக்கு 2,000 பவுண்டு வரை உதவி கிடைத்தது. தொடக்கத்தில் சிலருக்கு மட்டுமே இருந்த அந்த உதவி, எதிர்ப்புக்குப் பிறகு லண்டன்வாசிகள் எல்லாருக்கும் என்று ஆனது.

டில்லி எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் பங்க்கில் எரிபொருள் கிடையாது என்ற உத்தரவு 2025 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்து, மக்கள் கொதித்ததால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதைக் காரணம் காட்டி உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4, அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று திருத்தியது. ஆக, டில்லியே வயதிலிருந்து தரத்துக்கு நகர்ந்துவிட்டது.

டில்லிக்குள் நுழையும் லாரிகளிடம் 2015 நவம்பர் முதல் வாங்கும் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணத்திலும் நமக்குப் பாடம் உண்டு. லாரியின் அளவைப் பொறுத்து 700, 1,300 ரூபாய் என்று தொடங்கி, அடுத்த மாதமே 1,400, 2,600 என இரட்டிப்பானது. அத்தியாவசியப் பொருள் வண்டிகளுக்கு இருந்த விலக்கும் 2025-இல் போனது. உள்ளே என்ன சரக்கு என்று ஒவ்வொரு லாரியையும் நிறுத்திப் பார்ப்பதால் எல்லையிலேயே நெரிசலும் புகையும் கூடுகின்றன என்பது அதற்குச் சொன்ன காரணம். விலக்கு கொடுத்தால் மட்டும் போதாது, வண்டியை நிறுத்தாமல் அதை நடத்தும் வழியும் முன்கூட்டியே வேண்டும்.

எங்களிடம் கேட்கப்படும் கேள்வி

புகைச் சான்றை நம்பி எப்படிக் கட்டணம் விதிப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வண்டியைக் கொண்டுபோகாமலே சான்று வாங்குகிறவர்கள் இருப்பது ஊரறிந்த சேதி. இன்றைய டீசல் சோதனை கரும்புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது. ஹார்ட்ரிட்ஜ் அலகில் பழைய வண்டிக்கு 65, பி.எஸ். 4 வண்டிக்கு 50 என்பது வரம்பு. நைட்ரஜன் ஆக்சைடுகள் அதில் வருவதே இல்லை. சோதனை ஓட்டை என்றால் சோதனையைத்தான் சீர்செய்ய வேண்டும். அதைவிட்டுப் பதிவு ஆண்டைப் பிடித்துக்கொள்வது அதிகாரிகளுக்கு எளிது, ஆனால் ஒழுங்காகப் பராமரிக்கும் ஓட்டுநருக்கு அதில் எந்தப் பலனும் இல்லை. நாசில், ஏர் ஃபில்டர் மாற்றி, ஆயில் பார்த்து வண்டியைச் சுத்தமாக வைத்திருப்பவருக்குக் கட்டணம் குறைந்தால்தான் மற்றவர்களும் மெக்கானிக்கைத் தேடிப் போவார்கள்.

எங்கள் கோரிக்கைகள்

1. முதலில் அளவீடு. பழைய பேருந்து நிலையம், ரயில் நிலையம், கீழவாசல், பெரிய கோயில் ஆகிய இடங்களில் ஓராண்டு முழுவதும் நுண்துகள் அளவை எடுத்து மாதந்தோறும் வெளியிட வேண்டும். பி.எம். 2.5 என்னும் நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 5. தஞ்சாவூர் எங்கே நிற்கிறது என்று மக்களுக்குத் தெரியட்டும்.

2. அளவுகோல் புகை. தானியங்கிச் சோதனை நிலையத்தில், மனிதக் கை புகாத முறையில் எடுத்த அளவின்படி கட்டணப் படிநிலை வேண்டும். சோதனையில் தேறும் வண்டிக்கு, அது எந்த ஆண்டினதாக இருந்தாலும், கட்டணம் கூடாது.

3. சிறிய எல்லை. பெரிய கோயில் சுற்றுப்புறமும் நான்கு ராஜ வீதிகளும் போதும். மருத்துவமனைகளுக்கும் ரயில் நிலையச் சரக்கு முனையத்துக்கும் போகும் சாலைகள் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும்.

4. விலக்கு. நெல், காய்கறி, வாழை, வெற்றிலை, பால், மீன் ஏற்றும் உள்ளூர் வண்டிகளின் எண்களை முன்பதிவு செய்து, கேமரா அடையாளம் கண்டு விடும்படி செய்ய வேண்டும். அறுவடை மாதங்களில் நெல் வண்டிகளுக்கு முழு விலக்கு வேண்டும். எந்த வண்டியையும் சாலையில் நிறுத்தக் கூடாது.

5. தினசரி வருவோருக்கு உச்சவரம்பு. ஒருவர் மாதத்தில் கட்டும் தொகை குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது. வெளியூர்ச் சுற்றுலா வண்டிகளுக்கு நகர எல்லையில் நிறுத்துமிடமும் அங்கிருந்து கோயிலுக்கு மின்சாரப் பேருந்தும் வேண்டும்.

6. பணம் இங்கேயே. வசூல் தனிக் கணக்கில் இருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு வெளிவர வேண்டும். 2025-இல் தொடங்கிய புதிய மினி பேருந்துத் திட்டம் எட்டாத கிராமங்களுக்கும், பழைய சரக்கு வண்டியை மின்சார வண்டியாக மாற்றுவோருக்கும் அது செலவாக வேண்டும். 2023-இன் மாநில மின்வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை ஆகிய ஆறு நகரங்களை முன்னோடியாகத் தேர்ந்தது. தஞ்சாவூரையும் அதில் சேர்க்க வேண்டும்.

7. அவகாசம். அறிவிப்புக்கும் முதல் வசூலுக்கும் இடையே இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். மாநகராட்சி வார்டுகளில் மட்டுமன்றி, நகரை நம்பியிருக்கும் கிராமங்களின் கிராம சபைகளிலும் கருத்துக் கேட்க வேண்டும்.

எங்கள் பொறுப்பு

அரசிடம் கேட்பதோடு நாங்கள் நிற்கவில்லை. எங்கள் உறுப்பினர்களின் வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை நடத்தி, தேறாதவற்றைப் பழுதுபார்க்கும்வரை நகர வாடகைக்கு அனுப்ப மாட்டோம். அளவீட்டுக் கருவிகள் வைக்க எங்கள் சங்கக் கட்டடங்களில் இடம் தருவோம். மேற்கண்ட ஏழும் நடைமுறைக்கு வந்த பிறகு, சோதனையில் தேறாத வண்டிக்கு விதிக்கும் கட்டணத்தை எங்கள் உறுப்பினர்கள் கட்டுவார்கள். அதற்கு முன் வயதை மட்டும் காட்டி எந்த ரசீதைக் கிழித்தாலும் அதை நீதிமன்றத்திலும் வீதியிலும் எதிர்ப்போம்.