குட்டி அழைக்கிறது

சரணாகதியின் தன்மையை விளக்க வைணவப் பெரியோர் இரண்டு உவமைகளைக் கையாண்டனர். தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைக் காட்டுவது மர்க்கட நியாயம். எதையும் பற்றாமல், கிடந்த இடத்தில் கிடந்து அழைக்கும் பூனைக் குட்டியைக் காட்டுவது மார்ஜார நியாயம். தாய்ப்பூனையே தேடி வந்து, பல் அழுந்தாமல் கவ்வி, பத்திரமான இடத்துக்கு எடுத்துச் செல்கிறது. எம்பெருமானின் காரணம் பாராத கருணைக்கு இந்தத் தாயையே தென்கலை மரபினர் சான்றாகக் காட்டுவர்.

உபந்நியாசத்தில் இதைக் கேட்டு நாம் உருகுகிறோம். அதே தாய் நம் கடையின் பின்புறத்தில் குட்டி ஈன்றிருந்தால் என்ன செய்கிறோம்?

அண்மையில் அன்பர் ஒருவரின் அரிசி மண்டிக்குச் சென்றிருந்தேன். பூனைத் தொல்லை பொறுக்காமல், ஆள் வைத்துச் சாக்கில் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிட்டதாக நிம்மதியுடன் கூறினார். பேசிக்கொண்டிருக்கும்போதே பரண்மீதிருந்து மெல்லிய குரல்கள் எழுந்தன. ஏறிப் பார்த்தால், கண் திறவாத மூன்று குட்டிகள்! அவை தம் இயல்பில் பிசகவில்லை; அழைத்துவிட்டுக் காத்திருந்தன. வரவேண்டிய தாய்தான் அங்கே இல்லை. அன்பர் பேச்சற்று நின்றார். கால்நடை மருத்துவரின் யோசனைப்படி, இரண்டு மூன்று மணிக்கொரு முறை அவர் வீட்டார் பாலூட்டிப் பார்த்தனர். ஒன்றே பிழைத்தது.

கடைக்காரரின் குறையிலும் நியாயம் உண்டு. துர்நாற்றமும் இரவுச் சண்டையும் யாருக்கும் இடைஞ்சலே. ஆனால் துரத்துவது அதற்குப் பரிகாரமன்று. இரையும் ஒதுங்க இடமும் உள்ளவரை, ஒன்று போனால் மற்றொன்று வரும். பெண்பூனை பிறந்து ஆறு மாதம் நிரம்புமுன்னரே கருவுறக்கூடும். சுமப்பதோ ஏறத்தாழ 65 நாட்கள். ஆகவே பிடித்து, கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்வித்து, பழகிய இடத்திலேயே விடுவதே தக்க வழி. அடையாளத்துக்காக, மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைச் சிறிது கத்தரிப்பர். அதன்பின் சண்டையும் நாற்றமும் குறையும், எண்ணிக்கை பெருகாது, மண்டிக்கு எலிக்காவலும் நிலைக்கும். குப்பைத் தொட்டிக்கு மூடி, குறித்த இடத்தில் குறித்த நேரத்தில் உணவு, ஒரு கிண்ணம் தண்ணீர் ஆகியவை போதும். பூனை இயல்பிலேயே ஊனுண்ணி. பாலும் சோறும் மட்டும் அதற்குப் போதா. அசைவம் புழங்காத இல்லத்தார் கடையில் விற்கும் பூனைத் தீனியை வாங்கி வைக்கலாம்.

நஞ்சு வைப்பது பாவம் மட்டுமன்று, குற்றமும் ஆகும். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. விலங்கை நஞ்சிட்டுக் கொல்வோருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. எலிக்கு வைத்த நஞ்சும், அந்த எலியைத் தின்ற பூனையைக் கொல்லக்கூடும் என்பதை மறத்தலாகாது.

பெரியோர்களே! இன்று கடையைப் பிள்ளைகள் நடத்தலாம். எனினும் தங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்புண்டு. பூனையைப் பிடிக்க ஆள் வரும் நாளில், “உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்த்தாயா, அப்பா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குட்டி இருந்தால், எட்டு வாரமேனும் தாயுடன் இருக்க விடச் சொல்லுங்கள்.

நாமும் அவன் வந்து எடுத்துச் செல்வான் என்று காத்திருக்கும் குட்டிகள்தாமே!