அக்னி வெயிலையும் தாங்கும் இன்ஜின் ஹெட்... உள்ளே ஒரு அலுமினியக் கணக்கு!

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டையோடு வரும் டி.வி.எஸ் எக்ஸ்.எல் வண்டிகளைப் பார்க்காத மதுரைக்காரர் இருக்க முடியாது. 1911-ல் மதுரையில் பிறந்த டி.வி.எஸ் குழுமத்தின் இந்த வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. இன்ஜினைக் குளிர வைப்பது காற்றுதான்.

உள்ளே எரியும் வாயுவின் வெப்பம் கண நேரத்துக்கு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதை நேரடியாக வாங்குவது சிலிண்டர் ஹெட். அந்தச் சூட்டை உடனே வெளியே கடத்த வேண்டும் என்பதால்தான் ஹெட்டை அலுமினியத்தில் வார்க்கிறார்கள். வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக இது வெப்பத்தைக் கடத்தும். எடையும் பாதிக்குக் கீழேதான்.

ஆனால், சுத்தமான அலுமினியம் மிருதுவானது. அதனால் மற்ற தனிமங்களைக் கலக்கிறார்கள். சிக்கலே இங்கேதான்!

* சிலிக்கான் 7%, கொஞ்சம் மெக்னீசியம்: மெல்லிய ஃபின்கள் வரை உருக்கு நன்றாகப் பாயும், வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். ஆனால், 200 டிகிரி சூடு நீடித்தால் பலம் குறையும்.

* சிலிக்கானோடு செம்பு 3-4%: சூட்டிலும் உறுதி நிற்கும். வெப்பம் கடத்துவது சற்றுக் குறையும்.

* செம்பு 4%, நிக்கல் 2%, மெக்னீசியம் 1.5%: முதல் உலகப் போர் காலத்தில் விமான இன்ஜின்களுக்காக பிரிட்டனில் உருவான 'ஒய் அலாய்'. கடும் சூட்டைத் தாங்கும், வார்ப்பதுதான் கஷ்டம்.

ஆக, எல்லாவற்றிலும் முதல் மார்க் வாங்கும் கலவை என்று ஒன்று இல்லை. இன்ஜின் எவ்வளவு சூடாகும், எவ்வளவு செலவாகும் என்று பார்த்தே கம்பெனிகள் தேர்வு செய்கின்றன.

எந்தக் கலவையானாலும் அளவுக்கு மீறிய சூடு ஆகாது. ஹெட் லேசாக வளைந்தாலே கம்ப்ரஷன் போய்விடும். பூ வியாபாரிக்கு அன்றைய பிழைப்பும் போச்சு!

என்ன செய்யலாம்?

* ஃபின்களுக்கு இடையே சேரும் சேறு, எண்ணெய்ப் பிசுக்கை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள்.

* சூடான இன்ஜினில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விழலாம்.

* ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். மாட்டும்போது முதலில் கையால் திருகுங்கள். பிளக் இரும்பு, ஹெட்டின் மரையோ அலுமினியம். அவசரப்பட்டால் மரை போய்விடும்.

* அதிக லோடோடு ஏறும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக முறுக்கிப் பிடித்தபடியே போகாதீர்கள். ஆயிலையும் சரியான நேரத்தில் மாற்றுங்கள்.