நுனியைத் தொடாதீங்க!

நம்ம மொட்டை மாடி ஹாம் ரேடியோ ஆன்டெனாவின் அடியிலிருந்து ரெண்டு பக்கமும் ரேடியல் வயர் போகிறது. போன வாரம் சார் மைக்கில் பேசும்போது ஒன்றின் நுனி என் விரலில் பட்டது. ஷாக் மாதிரி உதறவில்லை, சுருக்கென்று சுட்டது. வெள்ளையாய் ஒரு புள்ளி, இன்னும் வலிக்குது.

"வெறும் 100 வாட்ஸ், குண்டு பல்பு மாதிரிதான்" என்கிறார்கள் பெரிய வகுப்பு அண்ணன்கள். தப்பு! 14 மெகாஹெர்ட்ஸுக்கு அந்த வயர் சுமார் 5 மீட்டர், அதாவது கால் அலைநீளம். ஆன்டெனா பக்கம் கரண்ட் அதிகம். நுனியில் கரண்ட் போக வழியில்லை, வோல்டேஜ் நூற்றுக்கணக்கில் ஏறிவிடும். பிளாஸ்டிக் உறையையும் நம்ப முடியாது.

'தொடாதே' போர்டு போதுமாம். போர்டைப் படித்துவிட்டுத்தானே நானும் தொட்டேன்! நுனிகளை எட்டடிக்கு மேல் தூக்கி, இன்சுலேட்டர் போட்டுக் கட்டணும். சார் சரி என்றால் சனிக்கிழமை மூங்கில் கொண்டு வர நான் ரெடி.

– 9 'ஆ' மாணவன்